டப்பாவில் துடித்த இதயம்

சந்தேகம்தான் என் தொழிலுக்கு மூலதனம். அச்சங்குளம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருக்கிறேன். ஈரமான மருந்தைச் சந்தேகப்பட வேண்டும், காய்ந்த மருந்தை அதைவிடச் சந்தேகப்பட வேண்டும். உரசினால் பொறி கிளம்பும் என்று நைலான் சேலை கட்டி வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும். ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவன்மேல் ஒரு கண் எப்போதும் இருக்க வேண்டும். இப்படியே பழகிப்போனதால் வீட்டுக்கு வந்தாலும் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. பால்காரர் என்றால் தண்ணீர், காய்க்காரர் என்றால் தராசு. செல்போனில் எந்தச் செய்தி வந்தாலும் திறக்க மாட்டேன். திறந்தால் பணம் போய்விடும் என்று ஒரு பயம். இதைப் பற்றி என் மனைவி பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டாள்.

அப்படிப்பட்டவன் கையில்தான் என் மகள் ஒரு ஸ்மார்ட் வாட்சைக் கட்டிவிட்டாள்.

காரணம் என் அண்ணன். சாப்பிட உட்கார்ந்தவன் நெஞ்சு கரிக்கிறது, கேஸாக இருக்கும், ஒரு சோடா வாங்கி வாருங்கள் என்றான். சோடா வருவதற்குள் போய்விட்டான். தட்டில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. எனக்கு அவனை விட்டால் கூடப்பிறந்தவர் கிடையாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து கோயம்புத்தூருக்குக் கிளம்பும்போது மகள் அந்தக் கடிகாரத்தோடு வந்து நின்றாள். கையில் கட்டியிருந்தால் நெஞ்சுத் துடிப்பை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும், தாளம் தப்பினால் சொல்லிவிடும், என் செல்போன் வழியாக அவள் செல்போனுக்கும் போய்விடும் என்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்த பிள்ளையிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கையை நீட்டிவிட்டேன்.

ஆனால் மனசுக்குள் நான் அதை நம்பவே இல்லை. தோலை ஒரு பச்சை வெளிச்சத்தால் பார்த்துவிட்டு உள்ளே இருக்கும் இதயத்தின் யோக்கியதையைச் சொல்லுமாம். டாக்டரே குழாயை நெஞ்சில் வைத்து, மூச்சை இழு, விடு என்று பாடாய்ப் படுத்தித்தான் கண்டுபிடிக்கிறார். போதாக்குறைக்கு, நான் நடந்தது, உட்கார்ந்தது, தூங்கியது எல்லாம் மகளுக்குத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொஞ்சம் கூடத் தூங்கினால் கோயம்புத்தூரிலிருந்து போன் வருகிறது. பெற்ற பிள்ளையே வேவு பார்க்கிறாள் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரே ஆறுதல் கம்பெனி வாசல். எங்கள் கம்பெனிக்குள் செல்போன், கடிகாரம், பீடி, தீப்பெட்டி, செருப்பு எதுவும் போகக்கூடாது. வாசலில் வாட்ச்மேன் சட்டைப் பை, இடுப்பு எல்லாம் தடவிப் பார்த்துத்தான் விடுவார். என்னைவிட மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். வெயிலானாலும் முழுக்கைக் காக்கிச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக்கூடக் கழற்ற மாட்டார். முதலாளியின் மாப்பிள்ளை ஒரு தடவை பையில் லைட்டரோடு வந்தார் என்று வாசலிலேயே நிறுத்திவைத்த ஆள். சந்தேகப்படுவதில் எனக்கே வாத்தியார் அவர்தான் என்பேன். காலையில் என் செல்போனும் கடிகாரமும் அவர் மேசையிலிருந்த ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் போய்விடும். சாயங்காலம் அதே டப்பாவிலிருந்து எடுத்துக்கொள்வேன். அதனால் வேலை நேரத்தில் எந்த வேவும் கிடையாது என்று நிம்மதியாக இருந்தேன்.

தீபாவளி சீசன் சூடுபிடித்த சமயம், ஒரு சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"அப்பா, மத்தியானம் என்ன செஞ்சுட்டு இருந்தீங்க? துடிப்பு தாறுமாறா இருக்கே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மத்தியானம் கடிகாரம் டப்பாவுக்குள் இருந்தது, டப்பாவுக்கு வேண்டுமானால் வைத்தியம் பார் என்றேன். அவள் சிரிக்கவில்லை. டப்பாவுக்கு எப்படிப்பா துடிக்கும், எனக்குத் தெரியாமல் உள்ளே கட்டிக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டாள். மறுநாளும் அதே கதை. காலையில் சரி, ராத்திரி சரி, நடுவில் மட்டும் தப்பு. எனக்கு அதுவே போதுமான சாட்சி. இது ஆளே இல்லாமல் துடிப்பு எழுதுகிற கள்ளக் கடிகாரம் என்று வீட்டில் முழங்கினேன். வாட்ச்மேன்கூட ஒரு நாள் போகிறபோக்கில், மத்தியானமெல்லாம் உங்கள் கடிகாரம் உறுமிக்கொண்டே கிடந்தது, யாரோ போன் போடுகிறார்கள் போல என்று சொன்னார். பார்த்தாயா, சும்மா கிடந்தாலும் கத்துகிறது என்று மனைவியிடம் சொன்னேன்.

மனைவி நான் சொன்னதை நம்பவில்லை. நான் கம்பெனியில் லோடு தூக்குகிறேன், அதை மறைக்கிறேன் என்று அவளுக்குச் சந்தேகம். மகளோடு போனில் பேசி வைத்துக்கொண்டு என்னை விருதுநகரில் ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனாள். நெஞ்சில் வயரை ஒட்டிப் பார்த்தார், ஓடுகிற பட்டையில் நடக்கவிட்டுப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை என்றார். ஆனாலும் கடிகாரத்தைக் கழற்றாமல் கட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அந்த ஆளுக்கும் கடிகாரக் கம்பெனிக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். மனைவி பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெம்பக்கோட்டைப் பக்கம் வானம் கருத்தது. இடி கேட்டால் எங்களுக்கு வேலை கிடையாது. விசில் ஊதி, போட்டது போட்டபடி எல்லோரையும் ரூமிலிருந்து வெளியே அனுப்பினேன். வழக்கமாக ஆட்களெல்லாம் போனபிறகு கடைசியாக வருகிறவன், அன்று வேனை உள்ளே விடச் சொல்வதற்காக முதல் ஆளாக வாசலுக்கு ஓடினேன். அதற்குள் வாட்ச்மேன் கேட்டைத் தள்ளித் திறந்து, வேனுக்குக் கையை உயர்த்தி வழி காட்டிக்கொண்டிருந்தார். அவர் சட்டைக்கை பொத்தான் போடாமல் இருந்தது. அது சரிந்து இறங்கியது. மணிக்கட்டில் என் கடிகாரம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை நாள் யார் யாரையோ சந்தேகப்பட்டிருக்கிறேன், இந்த மனுஷனை மட்டும் சந்தேகப்பட்டதில்லை. அவர் கையைச் சட்டென்று இறக்கிக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீக தம்பி. டப்பாவுல போட்டு வச்சா எவனாவது தூக்கிட்டுப் போயிருவான். கையில கெடந்தா களவு போகாதுல்ல? சாயந்தரம் சங்கு ஊதுனதும் கழத்தி வச்சிருவேன்."

திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்தேன். ஒரு கேட்டைத் தள்ளியதற்கு அவ்வளவு மூச்சு வாங்கக்கூடாது. காலையில் சரி, ராத்திரி சரி, நடுவில் மட்டும் தப்பு. நடுவில் துடித்ததெல்லாம் இவருடைய நெஞ்சு.

மழை பிடித்துக்கொண்டது. பெண்களெல்லாம் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அவரைத் தகரக் கொட்டகைக்குள் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னையே உற்றுப் பார்த்தார். வாசலில் பீடி ஒளித்து வைத்திருப்பவனைப் பார்க்கிற அதே பார்வை. என் மச்சினன் வேலை கேட்டு இரண்டு தடவை கம்பெனி வாசலுக்கு வந்து போனது அவருக்குத் தெரியும்.

"இந்தச் சேரு மச்சினனுக்கு வேணும்னா நேரா சொல்லுங்க. எனக்கு நோவுன்னு எதுக்குக் கெளப்பி விடுதீக?"

எனக்குச் சுருக்கென்றது. ஊரையே சந்தேகப்படுகிறவனை ஒருவர் சந்தேகப்பட்டால் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பேசிப் பிரயோஜனமில்லை. அந்தக் கடிகாரத்தில் ஓரத்துப் பொத்தான்மேல் விரலை வைத்து அசையாமல் இருந்தால் துடிப்பைக் கோடாகப் போட்டுக் காட்டும், மகள் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதைச் செய்து பார்க்கலாம் என்றேன். முதலில் நீங்கள் கட்டுங்கள் என்றார். நியாயம்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நான் கட்டி விரலை வைத்தேன். ஒரே சீராக மேடும் பள்ளமுமாகக் கோடு போனது. பிறகு அவர் கட்டினார். கோடு இரண்டு தடவை நெருக்கி எழுந்தது, அப்புறம் ஒன்றுமில்லாமல் படுத்துக் கிடந்தது, பிறகு திடீரென்று மூன்று நான்காகத் துள்ளியது. கடிகாரம் அவர் கையில் உறுமியது. 

அவரே ஆரம்பித்தார். கொஞ்ச நாளாகப் படி ஏறினால் இழுக்கிறதாம். படுத்தால் காதுக்குள் குதிரை ஓடுகிறதாம். கேஸ் என்று நினைத்து தினமும் சோடா குடிக்கிறாராம். வீட்டில் சொன்னால் வேலைக்கு விட மாட்டார்கள், கம்பெனியில் சொன்னால் நிறுத்திவிடுவார்கள். அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

"எங்க அண்ணனும் கேஸுன்னுதான் சொன்னான் அண்ணாச்சி" என்றேன்.  அவர் முன்னால் அழுதுவிட்டேன். அண்ணன் காரியத்தில்கூட நான் அப்படி அழவில்லை.

அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சட்டைக்கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டார். போவோம் என்றார்.

பெண்களை வழியில் இறக்கிவிட்டு, அதே வேனில், அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். வயரை ஒட்டிப் பார்த்த டாக்டர், இதயத்தின் மேலறைகள் சரியாகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கின்றன, அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போயிருந்தால் கை கால் விழுந்திருக்கும், ஆளேகூடப் போயிருக்கலாம் என்றார். நல்ல நேரத்தில் வந்தீர்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். நான் கடிகாரத்தைக் காட்டினேன். வாட்ச்மேன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மானேஜரிடம் நானே போய் உள்ளதைச் சொன்னேன். மாத்திரை பிடித்துத் துடிப்பு அடங்கும்வரை லீவு, அப்புறம் அண்ணாச்சிக்கே அந்த வேலை என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் அவர் அறையை விட்டு வந்தேன். அதுவரைக்கும் மச்சினனை உட்கார வைத்தால் என்ன என்று மனைவி கேட்டாள். முடியாது என்றேன். உட்கார்ந்தவன் எழுந்திருப்பான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. தம்பிக்கு ஒரு வழி செய்யாத புருஷன் என்று சில நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். சோறு மட்டும் நேரத்துக்கு வந்தது. வேன் டிரைவர் ஒருவரை வாசலில் நிறுத்திச் சமாளித்தோம். அந்த ஆள் பார்க்கிற சோதனையில் யானையே உள்ளே போயிருக்கும்.

மகளிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த மாமா திரும்பி வந்தால் பகலில் அவரே கட்டிக்கொள்ளட்டும் என்றாள். இப்போது தினமும் என்னைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் மாமா எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்கிறாள். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அவர் திரும்பி வந்த காலை. உடம்பு இளைத்திருந்தது, காக்கிச் சட்டை தோளில் தொளதொளவென்று கிடந்தது. நான் எல்லோரோடும் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கையில் கட்டிக்கொண்டார். நன்றி, கின்றி எதுவும் சொல்லவில்லை. கையைத் தூக்குங்கள் என்றார். தூக்கினேன். முன்பைவிடக் கறாராகச் சோதனை நடந்தது. இடுப்பு, மடிப்பு, வலது பை எல்லாம் பார்த்துவிட்டு இடது சட்டைப் பைமேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. பை காலி என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பின்னால் நின்ற பெண்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"ஒழுங்காத்தான் அடிக்குது" என்றார். "உள்ள போங்க."