பொம்மையார்பாளையத்தில் எதிரியாகக் கரையேறிய நாள்

ஊர்க்காவல் படையில் சேர்ந்து நான்காவது வருஷம் என்னைக் கடலுக்கு அனுப்பினார்கள். திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. திருவிழா, தேர்தல் என்றால் காக்கி உடுத்திக்கொண்டு கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போவேன். கடலை அதற்குமுன் பார்த்ததே நாலைந்து தடவைதான்.

வருஷத்துக்கு ஒருமுறை கடற்படையும் கடலோரப் போலீஸும் சேர்ந்து கரையில் பாதுகாப்பு ஒத்திகை நடத்துவார்கள். சிலர் எதிரிகள் போலப் படகில் வந்து இறங்க வேண்டும். மற்றவர்கள் அவர்களைப் பிடிக்க வேண்டும். அந்த வருஷம் ஆள் போதவில்லை என்று எங்கள் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பேரைக் கேட்டார்கள்.

முதலில் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் பயிற்சி. பாடம் எடுத்த கடற்படைக்காரர் தமிழர்தான். ஆனாலும் அவர் சொன்னதில் பாதி எனக்கு ஏறவில்லை. கப்பலின் வலப்பக்கம் எப்போதும் வலப்பக்கம்தான், நாம் திரும்பி நின்றாலும் மாறாது என்றார். நான் எழுந்து முன்னாலும் பின்னாலும் திரும்பி நின்று பார்த்தேன். மண்டபமே சிரித்தது. மிதவைச் சட்டையை முதுகுப்பக்கம் முன்னால் வரும்படி மாட்டிக்கொண்டதற்கும் சிரித்தார்கள்.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற நேரம். "நாட்டக் காப்பாத்த நீ ஒருத்திதான் பாக்கியா?" என்று என் கணவர் ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு ஒன்பது நாள் பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார், எழுந்து போனார். கோபம் ஒத்திகையின் மேலா, என் மேலா, வேறு எதன் மேலாவதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

ஒத்திகை அன்று காலை எஸ்.ஐ. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு நீங்கதான்மா எதிரி."

"நானா சார்?"

"பொம்பளைய யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. படகுல போய் பொம்மையார்பாளையத்துல இறங்குங்க. மீன் ஏலக் கூடத்துச் செவுத்துல இத ஒட்டிட்டீங்கன்னா ஜெயிச்சீங்க."

அவர் கொடுத்தது ஒரு சிவப்புத் தாள். 'இங்கே குண்டு வைக்கப்பட்டது' என்று அச்சடித்திருந்தது. கூடவே போலீஸிடம் காட்ட ஓர் அடையாளக் கடிதமும் தந்தார்; இரண்டையும் என் பையில் வைத்துக்கொண்டேன்.

"மாட்டிக்கினா சார்?"

"மாட்டினா நம்மாளுங்க ஜெயிச்சாங்க. போலீஸ் வந்து கேக்குற வரைக்கும் யாருன்னு வாயத் தொறக்கக் கூடாது. பப்ளிக்கு கேட்டாலும் சொல்லாதீங்க."

நான் மாட்ட வேண்டும் என்று அவர் நினைக்கிறாரா, மாட்டக் கூடாது என்று நினைக்கிறாரா? அனுப்புகிறவரும் அவர்தான், பிடிக்கப் போகிறவர்களும் அவருடைய ஆட்கள்தான். கேட்பதற்குள் என் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, "ஜல்தி, ஜல்தி" என்று படகுக்கு அனுப்பிவிட்டார்.

சாதாரண மீன்பிடிப் படகு அது. படகுக்காரர் ஒருவர், நான் ஒருத்தி. தூரத்தில் சாம்பல் நிறத்தில் கடற்படைக் கப்பல் ஒன்று நின்றது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். பிறகு எதையும் பார்க்க முடியவில்லை, வாந்தி. கரைக்குப் பக்கத்தில் வந்ததும் படகுக்காரர், "இடுப்பளவு தண்ணிதான், குதிம்மா" என்றார். குதித்தேன். பின்னாலிருந்து ஓர் அலை வந்து தலைக்கு மேல் போனது. எழுந்தபோது படகு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

புடவை உடம்போடு ஒட்ட, பையை மார்போடு அணைத்துக்கொண்டு மணலில் நடந்தேன். இருபதடி கூட நடந்திருக்க மாட்டேன். கருவாடு காய வைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா எழுந்து வந்தார்.

"யாரும்மா நீ? எங்கேருந்து வர்ற?"

"சொந்தக்காரங்க வூட்டுக்கு."

"யாரு வூடு?"

நான் பையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். அவர் என் முகத்தையும் கடலையும் பார்த்தார். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இன்னா காரியம் பண்ண இருந்த?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் கூவியதும் இன்னும் இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். "கடல்ல வுழுந்துட்டு வருதுடி, வுடாதீங்க" என்று அவர் சொன்னபோதுதான் புரிந்தது. நான் சாகப் போனவள் என்று நினைத்துவிட்டார்கள்.

'இல்லை' என்று சொல்லலாம். ஆனால் ஏன் நனைந்திருக்கிறேன் என்று சொல்லாமல் 'இல்லை' மட்டும் எப்படிச் சொல்வது? உண்மையைச் சொன்னால் ஒத்திகை கெட்டுவிடும். அதைவிட ஒரு வெட்கம், இது விளையாட்டு என்று இவர்களிடம் எந்த வாயால் சொல்வது? "நான் போவணும்க்கா" என்றேன். அது நிலைமையை மேலும் மோசமாக்கியது. இரண்டு பக்கமும் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போய்விட்டார்கள்.

உலர்ந்த புடவை ஒன்றைக் கொடுத்து உடுத்திக்கொள்ளச் சொன்னார் அக்கா. டீ வைத்தார். சுவரில் வேளாங்கண்ணி மாதா படம் இருந்தது. மற்ற இருவரும் வாசலை விட்டு நகரவில்லை. அக்கா என் எதிரில் தரையில் குந்தினார்.

"வூட்ல எதுனா பேஜாரா? வூட்டுக்காரு அடிக்கிறாரா?"

"ஐயோ, இல்லக்கா."

"அப்பறம்?"

"பேச மாட்டேங்கிறாரு."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். அடுத்த நொடி அழுகை வந்துவிட்டது. கொஞ்சநஞ்ச அழுகை இல்லை. காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லாததாலா, அலைக்குப் பயந்ததாலா, இல்லை உண்மையிலேயே அதற்காகத்தானா? எதிரியாக நடிக்கப் போனவள் யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். அக்கா என் ஈரத்தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டே இருந்தார்.

வாசலில் நின்றவர்களில் ஒருத்தி இதற்குள் போலீஸுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். கடலில் விழுந்த ஒரு பெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஜீப் வந்தது. இறங்கிய போலீஸ்காரர் யாரென்று கேட்டதும் நான் எழுந்து நின்று, ஒத்திகைக்கு வந்தவள் என்று சொல்லி, அடையாளக் கடிதத்தை எடுக்கப் பையில் கைவிட்டேன். கடிதமும் சிவப்புத் தாளும் கூழாகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவர் வயர்லெஸ்ஸில் விசாரித்து உறுதிப்படுத்திக்கொண்டு முகம் மலர்ந்தார்.

"சூப்பர்மா! பப்ளிக்கே எதிரிய புடிச்சிட்டாங்க!"

அந்த மூன்று பெண்களுக்கும் கை கொடுத்தார், போட்டோ எடுத்தார். அவர் விளக்கிச் சொல்லச் சொல்ல அக்காவின் முகம் மாறியது. என் பக்கம் திரும்பினார்.

"நடிச்சியா?"

"இல்லக்கா... எதிரின்றதுதான் நடிப்பு."

"அப்போ அழுதது?"

நான் பதில் சொல்வதற்குள் ஜீப்பில் ஏறச் சொன்னார்கள்.

மாலையில் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து அதிகாரி ஒருவர் பேசினார். மக்களின் விழிப்புணர்வால் ஊடுருவல் முறியடிக்கப்பட்டது என்றார். என்னையும் முன்னால் கூப்பிட்டுப் பாராட்டினார். நடித்ததற்கா, மாட்டிக்கொண்டதற்கா என்று தெரியாமல் சல்யூட் அடித்தேன்.

வீட்டில் இதைச் சொன்னேன், அழுததை மட்டும் விட்டுவிட்டு. கணவர் சிரித்தார். ஒன்பது நாளுக்குப் பிறகு வந்த முதல் சத்தம் அது. ஆனால் மறுநாள் காலை திரும்பவும் பேசாமலே வேலைக்குப் போனார். சமாதானமாகிவிட்டோமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து, துவைத்து மடித்த புடவையோடு பொம்மையார்பாளையம் போனேன். கூடவே ஒரு பை பச்சை மல்லாட்டை. அக்கா புடவையை வாங்கி ஓரமாக வைத்தார். ஒத்திகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக ஆரம்பித்தபோதும் கையை அசைத்துத் தள்ளிவிட்டார்.

"அதெல்லாம் போவட்டும். இப்ப பேசுறாரா?"

"ஒருநாள் பேசுறாரு, ஒருநாள் இல்ல."

"உம்" என்று சொல்லி, முறத்தை எடுத்து மல்லாட்டையை அதில் கொட்டினார். இருவரும் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தோம்.