தாய்மாமன் சீருக்கு இருபத்தொரு நாற்றுத் தட்டு

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று ஆடி மாதத்திலேயே சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சிரித்தவர்கள் இன்று என்னிடம் யோசனை கேட்டு வரிசையில் நிற்கிறார்கள்.

ஆவணியில் என் தங்கை மகள் செல்விக்குக் கல்யாணம். தாய்மாமன் நான். சீர்வரிசைத் தட்டுகளை அலங்கரித்து மேளத்தோடு மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இப்போது எல்லா ஊரிலும் வாடகைத் தட்டுதான். அதே ஜிகினா, அதே பொம்மை. யாரும் பார்க்காத வரிசை என்று செல்வியிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

"போன்ல பாத்துக் காப்பியடிச்சீங்கன்னா கண்டுபிடிச்சிருவேன் மாமா. அப்புறம் மேடையில உங்க கால்ல விழ மாட்டேன்" என்றாள். சொன்னால் செய்கிற பெண்.

மூன்று நாள் போனைத் தேய்த்தேன். எதை நினைத்தாலும் எவனோ ஏற்கெனவே செய்திருந்தான். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில், கடை கடையாக ஏறினால்தான் மூளை ஓடும் என்று தஞ்சாவூருக்குக் கிளம்பினேன். தனியாகத்தான்.

எங்கள் ஊர் அம்மாப்பேட்டைப் பக்கம். காலை 8.10 டவுன் பஸ், இருபது கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய். 9.05க்குப் பழைய பஸ் ஸ்டாண்டு. அங்கே டீ இரண்டு, இருபத்துநான்கு ரூபாய். இரண்டையும் நானே குடித்தேன், வெயில் அப்படி.

கீழவாசலில் நாலாயிரம் கடை இருக்கும். ஒன்று விடவில்லை. போனில் பார்க்கிற மஞ்சளுக்கு வாசனை கிடையாது. பித்தளைச் செம்பைச் சுண்டிப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு குரலில் பேசும். அதுவும் போனில் கேட்காது. மதியத்துக்குள் ஆறு யோசனை வந்தது. ஆறும் பழசு. சிவப்புக் கண்ணாடி வளையல் மட்டும் பன்னிரண்டு டஜன் வாங்கினேன், எழுநூற்று இருபது ரூபாய்.

திரும்பும் வழியில் நுண்ணூட்ட உரம் வாங்க ஓர் உரக்கடை. வாசலில் இயந்திர நடவுக்கான நாற்று, பிளாஸ்டிக் தட்டில் பச்சைப் பாய் விரித்த மாதிரி வளர்ந்திருந்தது. இரண்டு கையிலும் பை. பர்ஸை எடுப்பதற்காக வளையல் சரத்தை அதன்மேல் வைத்தேன்.

"அண்ணே, அது நாத்துண்ணே. மேல வைக்காதீங்க."

எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். இளம்பச்சையில் அந்தச் சிவப்பு. இதுதான் வரிசை.

"இதுல இருபத்தொண்ணு வேணும்."

"எத்தன ஏக்கருக்கு? ஏக்கருக்கு எம்பது தட்டு ஆவும்."

"ஏக்கருக்கு இல்லங்க. கல்யாண வரிசைக்கு."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏண்ணே, மாப்பிள்ளை மாடா?"

தட்டு நூறு ரூபாய் என்று பேசி முடித்தோம். கல்யாணத்தன்று காலையில் மண்டபத்துக்கே வேனில் வந்து இறங்கியது.

நாற்றின்மேல் வளையல், நாற்றின்மேல் பட்டு, நாற்றின்மேல் பழம். ஊர்வலத்தைப் பார்த்து நாதஸ்வரக்காரர் வாசிப்பதையே மறந்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா மயிலாடுதுறைப் பக்கத்து விவசாயி. நகைத் தட்டு எதிரில் வந்ததும் நகையை ஒதுக்கிவிட்டு, வேரைத் தூக்கிப் பார்த்து, "என்ன ரகங்க சம்பந்தி?" என்றார். மறுநாளே அத்தனையும் அவர் வயலில் நட்டாகிவிட்டது.

மேடையில் செல்வி காலில் விழுந்தாள். முதலில் என் மனைவி காலில், பிறகு என் காலில். கூட்டத்தில் தடுமாறியிருப்பாள்.

இதேபோல் போக நினைப்பவர்களுக்கு: பத்து மணிக்குள் கீழவாசல் போய்விடுங்கள். வாங்க வேண்டியதை எழுதிக்கொண்டு போகாதீர்கள். கை நிறையச் சாமான் இருக்கட்டும். ஒன்றைக் கீழே வைக்க இடம் தேடும்போதுதான் யோசனை வருகிறது.

கடைசியாக ஒன்று. தனியாகப் போனேன் என்றது பொய். என் மனைவியும் வந்தாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதனால் செலவில் அவள் அகப்படவில்லை. இரண்டாவது டீ அவளுடையது. வளையலை வைத்த கையும் அவளுடையது. நான் எதிர்க்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் சொன்னது, "அக்கா, அது நாத்துக்கா."

செல்வி தடுமாறவில்லை.