அம்மாக்கண்ணுவின் போஞ்சிக் கம்புகள்

சித்திரையில் என்ன நடலாம் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாராவது கேட்டால், பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணுவைக் கைகாட்டிவிடுவேன். அவளிடம் போனாலும் பதில் நேராக வராது. முதலில் திட்டுத்தான் வரும். “மாசியெல்லாம் தூங்கிட்டு இப்ப வந்து கேக்குறியாடி?” என்பாள். கோவா, அதுதான் முட்டைக்கோசு, வைக்கலாமா என்று கேட்டுவிட்டால் தொலைந்தோம். “சித்திரையில கோவா வைக்கிறவ புழுவுக்குச் சோறாக்குறவ!”

திட்டி முடித்த பிறகு சொல்லுவாள். பீன்ஸ் என்கிற போஞ்சிதான் முதலில், பெருமழை இறங்குவதற்குள் கொடி கம்பில் ஏறிவிட வேண்டும். பூசணியை மேட்டில் ஊன்று, பள்ளத்தில் ஊன்றினால் அழுகிப்போகும். வத்தாளங்கிழங்குக் கொடியைச் சரிவில் புதை, மண்ணையும் பிடித்துக்கொள்ளும், வயிற்றையும் பார்த்துக்கொள்ளும். சோளம் ஓரத்துக்கு. மிளகாய்க்கு மழை ஆகாது, அதைக் கூரை ஓரமாக ஓட்டைத் தகரத்தில் வை. ஹட்டனுக்குக் கீழே கொஞ்சம் வெயில் எட்டிப்பார்க்கிற தோட்டம் எங்களுடையது. நுவரெலியாக் குளிரில் வராதது இங்கே வரும், நட வேண்டிய நாளில் நட்டால்.

அம்மாக்கண்ணு கட்டையான உடம்புக்காரி. கொழுந்துக்கூடை சுமந்து சுமந்து கழுத்து சற்று முன்னால் வளைந்திருக்கும். ஆனால் யாரிடமாவது சண்டை என்றால் அந்தக் கழுத்து எப்படித்தான் நிமிருமோ! பிறந்தது இதே லயத்தில். அவளுடைய அம்மா அவளைப் பெற்றுப் போட்ட மூலையில்தான் இப்போது விதைச் சுரைக்காய் தொங்குகிறது. நாற்பத்தெட்டில் இலங்கைச் சர்க்கார் சட்டம் போட்டு, நீங்களெல்லாம் இந்த நாட்டு ஆட்கள் இல்லை என்று சொன்னபோது, லயமே இழவு வீடாக இருந்தது. அவள் மட்டும் மமட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கத்துப் பாத்திக்குப் போனாள். “சொன்னவன் வந்து எனக்குச் சோறு போடுவானா?” என்று கேட்டாள். அன்றைக்கு நட்டது சோளம்.

புருஷன் செல்லசாமி இவளுக்கு நேர் எதிர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன். ஒரு ஆடி மாதம், அடைமழை, அடுப்பு பிடிக்கவில்லை, மகளுக்குக் காய்ச்சல். தேயிலைக்கு நிழலாக வைத்திருக்கும் முருக்க மரம் ஒன்றில் பட்டுப்போன கொப்பு தொங்கியது. அதை வெட்டிக்கொண்டு வந்தான். வெந்நீர் வைப்பதற்குள் காவல்காரன் பிடித்துவிட்டான்.

மறுநாள் காலை பெரட்டு. வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்தக் களத்தில், அத்தனை ஆண்களும் பெண்களும் பார்க்க, செல்லசாமியை அந்தக் கொப்பைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு. மழை அவன் மேலேயே கொட்டியது. “நெழல் மரத்துல கை வச்சவன் எவனா இருந்தாலும் இதே கதிதான். கேட்டுக்கங்க!” என்றார். எல்லாரும் கேட்டோம். பட்டுப்போன கொப்பு ஐயா, அது! காற்றடித்தால் தானாக விழுந்திருக்கும்.

அதற்குப் பிறகு செல்லசாமி பெரட்டுக்கு வந்தால் கடைசி வரிசையில் குனிந்தபடியே நிற்பான். சில வருஷத்தில் செத்துப்போனான். மார்ச்சளி என்றார் மருந்துக்காரர். எனக்குத் தெரியும் அது மார்ச்சளியா, வேறா என்று.

அவன் செத்ததற்கு அடுத்த சித்திரையில்தான் அந்தக் கூத்து நடந்தது. எங்கள் பக்கம் போஞ்சிக்குக் கம்பு வெளியிலிருந்து வராது. மழைக்கு முன்னால் தோட்டத்து ஆட்கள் நிழல் மரங்களின் கொப்பைக் கழிப்பார்கள். தழை தேயிலைக்கு உரம். மிஞ்சுகிற கம்பை நாங்கள் தூக்கிக்கொண்டு வரலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் பச்சை முருக்கங் கம்பை அப்படியே நடக் கூடாது. ஒன்று காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் தலைகீழாக ஊன்ற வேண்டும். நேராக ஊன்றினால் ஒரு மழைக்கு வேர் விட்டுவிடும், பிறகு போஞ்சிக்கு வெயில் கிடைக்காது. வீட்டுக்கு வீடு கம்பு ஊன்றுவது ஆம்பளை வேலை. அவளுக்கு அது கைப்பழக்கம் இல்லை. மழை கூடிவிட்டது என்ற அவசரத்தில் அத்தனை கம்பையும் நேராக ஊன்றிவிட்டாள்.

வைகாசியில் பார்த்தால் கம்பெல்லாம் தளிர்! லயமே சிரித்தது. “அம்மாக்கண்ணு போஞ்சி போட்டா, காடு மொளைக்குது!” என்று கிண்டல். நானும் சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது?

“புடுங்கிப் போட்டுட்டு வேற நடு, அக்கா” என்றேன்.

“வேர் விட்டதைப் புடுங்குறது சட்டம் போட்டவனுக வேலை, நாகலெட்சுமி. அதை நாமளுமா செய்யணும்?” என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. போஞ்சி பாதிதான் காய்த்தது. கம்புகள் கூரை உயரத்துக்கு வளர்ந்தன.

ஐம்பத்தொன்பதில் புதுத் துரை வந்தார். லயத்துக்குப் பின்னால் சும்மா கிடக்கும் நிலத்திலும் தேயிலை போட வேண்டும் என்றார். சும்மா கிடக்கிறதாம்! எங்கள் பாத்திகளெல்லாம் அவர் கண்ணுக்குச் சும்மா கிடந்தன. அதுவும் எந்த மாதத்தில்? சித்திரையில். விதை போட்டு இரண்டு இலை விட்டிருந்த நேரம்.

கண்டாக்கு ஆட்களோடு வந்தார். மேற்குக் கோடியிலிருந்து ஆரம்பித்தார்கள். என் பாத்தி இரண்டாவது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பூசணிக் கன்றுகளை மண்ணோடு புரட்டிப் போட்டார்கள். கொத்தியவர்கள் யார் என்கிறீர்கள்? எங்கள் லயத்து அழகனும் சின்னராசாவும்தான். மாட்டேன் என்றால் மறுநாள் அவர்களுக்கு வேலையில்லை. அவர்கள் பெண்டாட்டிகளின் பாத்தியும் அந்த வரிசையில்தான் இருந்தது, பாவம்.

அம்மாக்கண்ணுவின் பாத்திக்கு வந்தபோது அவள் முருக்க மரங்களுக்கு முன்னால் நின்றாள். கையில் எதுவும் இல்லை.

“தள்ளு” என்றார் கண்டாக்கு.

“இது எனக்குச் சோறு போடுற மண்ணுங்க.”

“நாடே இல்லாத ஆளுக்கு மண்ணு எதுக்கு?”

எனக்குச் சுருக்கென்றது. அங்கே நின்ற எல்லாருக்கும்தான்.

“நாடு இல்லைன்னு சொன்னாங்க, சரிங்க ஐயா. வயிறு இல்லைன்னு யாரும் சொல்லலியே!” என்றாள்.

அவர் அழகனைப் பார்த்து, “என்னடா வேடிக்கை? மொதல்ல அந்த மரத்தையெல்லாம் வெட்டு!” என்று சத்தம் போட்டார்.

அழகன் கத்தியை ஓங்கினான். அம்மாக்கண்ணு ஒதுங்கி வழிவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னடா இது, இவளுமா விட்டுவிட்டாள்?

“வெட்டு அழகா” என்றாள். “ஆனா பாத்து வெட்டு. அது நெழல் மரம்.”

அழகனின் கை அப்படியே நின்றது.

“நெழல் மரத்துல கை வச்சவன் எவனா இருந்தாலும் அதே கதிதான்னு ஐயா சொன்னாரு. நீயும் பெரட்டுல நின்னு கேட்ட. பட்ட கொப்பை வெட்டினவனுக்கே அந்தக் கதி. இது பச்சை மரம்.”

அழகன் கத்தியைக் கீழே போட்டான். “என்னால ஆகாதுங்க ஐயா” என்றான். சின்னராசா மமட்டியை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். பின்னால் நின்ற ஆட்களும் ஒவ்வொருவராகக் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். செல்லசாமி மழையில் நின்றதை அவர்கள் யாரும் மறக்கவில்லை. எப்படி மறக்கும்?

கண்டாக்கு தாமே குனிந்து கத்தியை எடுத்தார். அப்போதுதான் அம்மாக்கண்ணுவின் குரல் உயர்ந்தது. அந்தக் குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

“வெட்டுங்க! வெட்டிட்டு அந்தக் கொப்பைத் தலையில வச்சிக்கிட்டு நாளைக்குப் பெரட்டுல நில்லுங்க! எம் புருஷன் நின்னான். நீங்க நிப்பீங்களா?”

கத்தி அவர் கையில் இருந்தது, கை எழவில்லை. பிறகு கத்தியைப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் படியேறிப் போனார்.

அன்று சாயங்காலமே நாங்கள் மலைக்குப் போனோம். கொப்புக் கழித்த இடங்களில் மழைத் தண்ணீர் ஓடுகிற கான் ஓரமெல்லாம் பச்சைக் கம்பு கிடந்தது. முதல் கட்டைத் தூக்கியவள் நான்தான், பெருமையாகவே சொல்லுகிறேன். கொத்திப் போட்ட ஒவ்வொரு பாத்தியிலும் ஊன்றினோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒரு கம்பைக்கூடத் தலைகீழாக ஊன்றவில்லை. அடியில் மறுபடி போஞ்சி விதை போட்டோம். நாள் தப்பிப் போன விதைதான், என்ன செய்வது?

பெருமழை வந்தது. கம்பெல்லாம் தளிர்த்தது. துரை மோட்டார் சைக்கிளில் வந்து லயத்துக்குப் பின்னால் ஒரு நடை நடந்தார். மரங்களைக் காட்டிக் கண்டாக்கிடம் இங்கிலீசில் என்னவோ கேட்டார், வெட்ட ஆள் வராது என்றுதான் கண்டாக்கு சொல்லியிருப்பார், துரை போய்விட்டார். தேயிலைக் கன்றுகள் வந்தன, கீழ்ச்சரிவோடு நின்றுவிட்டன. எங்கள் பாத்திக்குள் ஒன்றும் வரவில்லை.

வருஷா வருஷம் முதல் பறிப்புப் போஞ்சி கண்டாக்கு பங்களாவுக்குப் போவது வழக்கம். அந்த வருஷமும் பங்களாச் சமையல்காரன் மூக்கன் கூடையோடு வந்து நின்றான். அம்மாக்கண்ணு பறித்ததை அப்படியே அழகன் வீட்டுக்கும் சின்னராசா வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“ஐயாவுக்குப் போஞ்சி வேணும்னா பெரட்டுல வந்து கேக்கச் சொல்லு. எல்லாரும் பாக்கட்டும்.”

மூக்கன் வெறுங்கூடையோடு போனான். ஐயா கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வருஷமும் கூடை வரவில்லை.

இப்போது அறுபத்தைந்தாம் வருஷம். போன வருஷம் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்களும் உட்கார்ந்து பேசி, எங்களில் இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று பங்கு பிரித்துக்கொண்டார்களாம். யார் போவது, யார் இருப்பது, ஒன்றும் தெரியவில்லை. லயத்தில் பாதிப் பேர் இந்தச் சித்திரையில் விதையே எடுக்கவில்லை. அம்மாக்கண்ணு எடுத்தாள். விடிந்ததும் பச்சைக் கம்புக் கட்டோடு வந்து நின்றாள்.

“காய்க்கிறப்ப நாம இங்க இருப்போமாக்கா?” என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அவள் கம்பை நேராக வைத்து, கல்லால் ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

“அனுப்புறவன் வந்து புடுங்கட்டும்” என்றாள். “அடுத்த கம்பை எடு.”