முனியாண்டி வளைவில் நிற்கிற லோரி

போன வாரம் என் தம்பி குமாரின் லோரியில் ஏறினேன். ஏறச் சொன்னது அவன் மனைவி வசந்தி.

"அண்ணி, அந்த வளைவுல வண்டி தானா நின்னுடுது. இவரு சரியா தூங்குறதே இல்ல. ஒரு தடவ கூடப் போய்ப் பாருங்கலா" என்றாள்.

குமார் தினமும் சுங்கை பெசாரிலிருந்து கோல சிலாங்கூருக்குத் தேங்காய் ஏற்றிப் போகிறவன். பழைய லோரிதான், ஆனால் மக்கர் செய்ததில்லை. ஒரு மாதமாகத்தான் இந்தக் கூத்து. எஸ்டேட் சாலையில் முனியாண்டி கோயில் வளைவு வந்ததும் என்ஜின் உதறும், இருமும்... நின்றுவிடும். தினமும் அதே இடம். காலி வண்டியாகத் திரும்பும்போது ஒன்றும் இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் பில்டரை மாற்றினார்கள். நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். அங்கே ஜோராக ஓடுகிறது. வளைவில் மட்டும் ஏன்? இது முனியாண்டி வேலைதான் என்று குமார் முடிவே கட்டிவிட்டான். இறங்கிச் சூடம் ஏற்றி, சுருட்டு வைத்துக் கும்பிட்டு வந்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறதாம்.

எனக்கு இதிலெல்லாம் பயம் கிடையாது என்று சொல்லிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வளைவு வந்தது. கியர் கம்பி கிடுகிடுவென ஆடியது. பிறகு சத்தமே இல்லை.

குமார் சூடத்தோடு இறங்கிவிட்டான். பாதி வண்டி சாலையில். பின்னால் ஹாரன் — செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று, வளைவு திரும்பிய பிறகுதான் எங்களைப் பார்த்திருக்கிறது. உரசிக்கொண்டு போனதில் பக்கக் கண்ணாடி தெறித்தது. நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன். குமாரோ எங்கள் வண்டிக்கு முன்னால், சாலையோரச் சாமிக்கு எதிரே கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தான்.

வந்து சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்.

"பாத்தியாக்கா?"

நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். வேறென்ன செய்ய?

மறுநாள் அந்தச் சாலையே வேண்டாம் என்று பெரிய ரோட்டில் போனோம். பாசிர் பெனம்பாங் தாண்டி, ஆற்றுப் பாலத்தின் மேல்... அதே உதறல். நின்றது. அங்கே ஏது கோயில்?

"கூடவே வந்துடுச்சுக்கா" என்றான். பின்னால் வண்டிகள் வரிசை கட்டின. பயத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. டீசல் இருக்கிறதா பார் என்றேன். டாங்க் மூடியைத் திறந்தான். 'புஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. டீசல் நிறையவே இருந்தது. வண்டியும் கிளம்பிவிட்டது.

விஷயம் இதுதான். டீசல் திருட்டுக்குப் பயந்து குமார் ஒரு மாதத்துக்கு முன் பூட்டு வைத்த மூடி வாங்கி மாட்டியிருக்கிறான். பழைய மூடியில் காற்று போக ஒரு துளை உண்டு. புதியதில் இல்லை. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போக வேண்டாமா? போகாவிட்டால் என்ஜினுக்கு டீசல் ஏறாது. காலையில் பம்பில் டீசல் ஊற்றும்போது திறந்து மூடுவதோடு சரி. பாரத்தோடு அந்த வளைவுக்கு வருவதற்குள் டாங்க் மூச்சுமுட்டிப்போகும். சூடம் எரிந்து முடிவதற்குள் எங்கிருந்தோ கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போகும். மறுபடி ஓடும். காலியாகத் திரும்பும்போது கொஞ்சமாகத்தான் டீசல் குடிக்கும்; அதனால் நிற்பதில்லை.

வீட்டில் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னோம். வசந்தி சிரிக்கவில்லை.

"அப்ப ஒரு மாசமா, வர்ற லோரிக்கெல்லாம் முதுக காட்டிக்கிட்டு அங்க கண்ண மூடி நின்னிருக்காரு. ஒண்ணுகூட அவரு மேல மோதல. அது யாரு பாத்துக்கிட்டது அண்ணி?"

குமார் எழுந்துபோய், பக்கக் கண்ணாடி தெறித்த இடத்தைத் தடவிப் பார்த்தான்.

மூடியை மாற்றியாகிவிட்டது. இப்போது அந்த வளைவில் வண்டி தானாக நிற்பதில்லை. குமார்தான் நிறுத்துகிறான் — நன்றாக ஓரம்கட்டி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கும்பிடுகிறான்.