விழும்போது வாங்கியவர்

கண்ணாடி ஆலையின் ஓய்வூதிய நிதியை எங்கே முதலீடு செய்வது என்று கவனித்து வந்த அம்மையாருக்கு அலுவலகத்தில் 'நிதானம்' என்று பெயர். நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் நிதானம். லிஃப்ட் வந்து நின்றாலும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார் என்று கேன்டீனில் பேசிச் சிரிப்பார்கள். அது அவர் காதிலும் விழுந்ததுதான். அவர் கண்டுகொள்ளவில்லை.

பணத்தைப் பங்குகளில் போட்டால் வளரும், விழவும் விழும். அரசுப் பத்திரத்தில் போட்டால் பத்திரமாக இருக்கும், ஆனால் விலைவாசிக்கு ஈடுகொடுக்காது. ஓய்வு பெற்றவர்களுக்கு இந்த மாதப் பணம் வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குக் கிழவர்களான பிறகு வேண்டும். அதனால் அவர் ஒரு விதி எழுதி, நிதியின் அறங்காவலர்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். பாதி பங்கு, பாதி பத்திரம். எது பாதியைத் தாண்டினாலும் அதில் கொஞ்சம் விற்று, இறங்கியதை வாங்க வேண்டும்.

சந்தை ஏறிக்கொண்டே போன காலத்தில் அவர் பங்குகளை விற்றார். நிதியின் தலைவருக்கு அது பிடிக்கவில்லை.

"காய்க்கிற மரத்தை வெட்டுறீங்களே மேடம்."

"வெட்டலை சார். விதியில இருக்கிறதைத்தான் செய்யறேன்."

அடுத்த வருடம் சந்தை தலைகுப்புற விழுந்தது. தலைவரே அவர் மேசைக்கு வந்து, "நல்ல வேளை, நீங்க இருந்தீங்க" என்றார். அந்தப் பாராட்டில்தான் சிக்கல் தொடங்கியது. நிதியில் பங்குகளின் அளவு பாதிக்கும் வெகு கீழே போய்விட்டது. விதிப்படி இப்போது வாங்க வேண்டும். காப்பாற்றியவர் என்று பேர் வாங்கிய பிறகு, விழுகிறதை வாங்க அவருக்கு மனம் வரவில்லை. மாதக் கணக்கு முடியட்டும், செய்தி கொஞ்சம் தெளியட்டும் என்று தள்ளிப்போட்டார்.

அப்போது அவருடைய அண்ணன் வீட்டுக்கு வந்தார். அதே ஆலையில் உலைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"மறுபடி பங்கு வாங்கப் போறதா பேசிக்கிறாங்க. எங்க வயித்துல அடிச்சிடாதம்மா."

"உங்களுக்கெல்லாம் இன்னும் சில வருஷத்துக்குக் கொடுக்க வேண்டியது பத்திரத்துல தனியா இருக்குண்ணே. அதைத் தொட மாட்டேன்."

"உன் சொந்தப் பணம்னா வாங்குவியா?"

"மாட்டேன். எனக்கு வயசாயிடுச்சு. ஆனா இந்த நிதிக்கு வயசாகலையேண்ணே. வருஷா வருஷம் புதுசா ஆள் சேர்றாங்க."

அண்ணன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மேடம் பங்குகளை வாங்கத் தொடங்கினார். ஒரேயடியாக இல்லை, மாதாமாதம் கொஞ்சமாக. வாங்கிய பிறகும் சந்தை இறங்கியது. தலைவர் வராந்தாவில் எதிர்ப்பட்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டார். அண்ணன் பேசுவதையே நிறுத்திவிட்டார். மருத்துவர் இவருக்கு ரத்த அழுத்த மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஒரு வருடத்துக்கும் மேலாகி, சந்தை மெல்லத் தேறியது. யாருடைய ஓய்வூதியமும் குறையவில்லை. லாபம் வந்ததும் அதை அப்படியே பிரித்துக் கொடுக்கச் சொன்னார்கள் ஓய்வு பெற்றவர்கள். அவர் சம்மதிக்கவில்லை. அறங்காவலர்கள் ஓய்வூதியத்தைக் கொஞ்சம்தான் உயர்த்தினார்கள்.

அந்த மாதம் அண்ணன் போன் செய்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாண்ணே."

"சரி. ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பியா?"

இருப்பேன் என்றார்.