பதிவேட்டில் ஏறிய கை

புதுச்சேரியில் மரியாதை இன்னும் உயிரோடு இருப்பதற்குத் தான்தான் காரணம் என்று நம்புகிறவர் லூர்துநாதன். அப்படி நம்புகிற வேறொருவரை இதுவரை யாரும் கண்டதில்லை. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர், வயது ஐம்பத்து நான்கு. துய்மா வீதியை ஒட்டிய ஒரு ஸ்னூக்கர் கிளப்பில் ஒன்பது வருடமாகச் சாம்பியன்.

கிளப் சுவரில் ஒரு தேக்குப் பலகை. வருடத்துக்கு ஒரு வரியாகச் சாம்பியன் பெயரைத் தங்க எழுத்தில் எழுதுவார்கள். ஒன்பது வரியும் லூர்துநாதன். பலகையில் இன்னும் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம். அதுவும் தன் பெயராகிவிட்டால் பலகை முழுக்கத் தானே என்ற எண்ணம் வந்த நாளிலிருந்து அவருக்கு ஞாயிறு பூசையில் மனம் ஒட்டவில்லை.

ஆட்ட நாகரிகத்தில் அவர் கறாரானவர். குருட்டு அதிர்ஷ்டத்தில் ஒரு பந்து குழியில் விழுந்துவிட்டால், எதிராளியிடம் கை உயர்த்தி, பிரெஞ்சில் "பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்பார். கை சட்டைப்பையைத் தாண்டி உயராது. "அந்த பர்தோனை வீட்ல ஒரு தடவ சொன்னா இன்னா கொறஞ்சுடுவீங்க?" என்று மனைவி வெரோனிகா கேட்டதற்கு, வீட்டில் ஸ்னூக்கர் மேசை இல்லையே என்று பதில் சொன்னார்.

போன மாதம் அந்த நாகரிகத்துக்கு ஒரு சோதனை வந்தது. அவரோடு ஆடிக்கொண்டிருந்த, கடிகாரம் பழுதுபார்க்கும் முஹம்மது ஆரிப், கைக்கு எட்டாத ஒரு பந்தை, குச்சியை இடது கைக்கு மாற்றி, சத்தமில்லாமல் குழிக்குள் தள்ளிவிட்டார்.

"இன்னா தம்பி இது? சோத்தாங்கை இருக்கறப்ப பீச்சாங்கையாலயா?" என்றார் லூர்துநாதன்.

"எட்டலண்ணே, அதான்."

"எட்டலன்னா முட்டுக் குடுக்க ரெஸ்ட் குச்சி இருக்குது, அத வெச்சு ஆடு. பீச்சாங்கையால ஆடறது, உனக்கு இதுவே போதும்னு எதிராளிய மட்டம் தட்றது."

"பந்து விழுந்ததாலதாண்ணே மட்டம் தட்டுன மாதிரி தெரியுது. விழாம இருந்திருந்தா ரொம்ப மரியாதயா இருந்திருக்கும்," என்றார் புள்ளி எழுதும் வெற்றிவேல்.

அடுத்த வாரமே கமிட்டி கூடியது. மூன்று உறுப்பினர்களுக்கும் லூர்துநாதன் சூடாகக் கட்லெட் வரவழைத்தார். கட்லெட் தீர்வதற்குள் விதி நிறைவேறியது. ஆட்டக்காரர் தன் கை எது என்று பதிவேட்டில் எழுதித் தர வேண்டும். ஆட்டத்தில் மறுகையால் அடித்தால் தோல்வி.

ஆரிப் பதிவேட்டின் முன் வெகுநேரம் யோசித்தார்.

"ஒரு கைதானாண்ணே?"

"ஒண்ணே ஒண்ணு."

"அப்புறம் மாத்த முடியாதே?"

"எழுதுனா எழுதுனதுதான்."

ஆரிப் 'இடது' என்று எழுதினார். லூர்துநாதனுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. ஆட்டத்துக்கு நாலு தடவை தொட்டுக்கொள்கிற கையை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தன்னோடு இந்த வருட இறுதி ஆட்டம் முழுக்க ஆடப் போகிறானாம்! பலகை எழுதும் பெயின்டரை அன்று காலையே ஏணியோடு வரச்சொல்லிவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்து பத்து மணிக்கு ஆட்டம். மூன்றில் இரண்டு ஜெயித்தால் போதும். முதல் ஆட்டத்தில் லூர்துநாதன் நாற்காலியிலிருந்து மொத்தம் ஐந்து முறைதான் எழுந்தார்; மற்ற நேரமெல்லாம் மேசை ஆரிப்பிடம், ஆட்டமும் ஆரிப்புக்கே. இரண்டாவதில் மூன்று முறை. மேசையில் மிச்சமிருந்த பந்தையெல்லாம் போட்டாலும் ஜெயிக்க முடியாத நிலை வந்தது. 'தோல்வி உறுதியானால் எழுந்து கைகொடுக்கவும்' என்று அவரே எழுதி மாட்டிய அட்டை எதிரிலேயே தொங்கியது. அட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடைசிக் கறுப்புப் பந்துவரை ஆடி முடித்தார்.

"எப்பிடிறா?" என்றார். தம்பி என்ற சொல் எங்கோ விழுந்துவிட்டிருந்தது.

"எனக்குப் பொறவியிலயே இந்தக் கைதாண்ணே. கடையில தனியா கடிகாரத்தப் பிரிக்கறதெல்லாம் இதாலதான். நாலு பேரு முன்னாடி இடது கைய நீட்டுனா மரியாத இல்லன்னு அம்மா அடிச்சி மாத்திட்டாங்க. அதான் இத்தினி நாளா உங்ககிட்ட சோத்தாங்கையால ஆடிக்கினு இருந்தேன். ஒரு மரியாதைக்கு."

லூர்துநாதன் பலகையைப் பார்த்தார். அந்த ஒன்பது வரியில் கடைசி நான்கும் ஆரிப்பைத் தோற்கடித்து வாங்கியவை.

ஆரிப் வலது கையை நீட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகரிகத்தின் காவலர் தன் வலது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, வேண்டுமென்றே பீச்சாங்கையை நீட்டினார். அறையில் ஒருவர் 'ச்சே' என்றது தெளிவாகக் கேட்டது.

ஆரிப் முகம் கோணவில்லை. வலது கையை இறக்கிவிட்டு இடது கையால் அதைப் பற்றினார். "தேங்க்ஸ்ணே. ரூல்படி பாத்தா இந்தக் கைதான கரெக்ட்டு," என்று மனதாரக் குலுக்கினார். குச்சி முனையில் தேய்த்த சாக்பீஸின் நீலம் முழுக்க லூர்துநாதன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

ஏணி மேலிருந்து பெயின்டர் குரல் கொடுத்தார்: "சார், வருசா வருசம் அதே பேருதானேன்னு 'லூ' போட்டுட்டேன். அழிச்சிடவா?"

அன்றுதான் லூர்துநாதனின் கை முதல்முறையாகத் தலைக்கு மேல் உயர்ந்தது. பர்தோன் கேட்க அல்ல. மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, கமிட்டியை உடனே கூட்ட வேண்டும் என்று சொல்ல.