குணசுந்தரியை ஊதச் சொன்ன நாள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஓர் இரும்பு ரோலிங் மில்லின் கெஸ்ட் ஹவுஸில் குணசுந்தரி பதினோரு வருஷமாகச் சமைத்து வந்தாள். அவளைப் பெற்றவர்கள் அந்தப் பக்கத்து வயல்களில் நாற்று நட்டும் வேர்க்கடலை பிடுங்கியும் பிழைத்தவர்கள். வயல் போய் மில் வந்தபோது கூலிக்குப் போனவர்களெல்லாம் மில் வாசலில் போய் நின்றார்கள். குணசுந்தரியும் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தாள். ஒருநாள் சமையல்காரர் வராமல் போக, கல்கத்தாவிலிருந்து வந்திருந்த அதிகாரிகளுக்கு அவள் மீன் குழம்பு வைத்தாள். மறுநாளிலிருந்து துடைப்பத்தை வேறொருத்தி எடுத்துக்கொண்டாள்.

2007 அக்டோபரில் புது உலையை ஓட்டிக் காட்ட அயர்லாந்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். மூன்று மாதம் தங்கல். கூடவே அவர் மனைவி மோரீன். ஐம்பது வயதைத் தாண்டியவள், சும்மா உட்காரத் தெரியாதவள். காலை பத்து மணிக்கெல்லாம் சமையலறைக்கு வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. குணசுந்தரிக்கு இங்கிலீஷில் ஐம்பது வார்த்தை தேறும். இரண்டு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது.

ஒருநாள் மோரீன் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து மேடைமேல் வைத்தாள். உள்ளே பால் காபி நிறத்தில் ஏதோ கெட்டியாக இருந்தது. குணசுந்தரி மூடியைத் திறந்து முகர்ந்தாள். பால் வாசனை, சாக்லேட் வாசனை, அதற்கடியில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நெடி.

"இன்னா மேடம் இது, சரக்கா?"

மோரீன் சிரித்துக்கொண்டே, விஸ்கி கொஞ்சம், மீதியெல்லாம் பாலாடை என்று விரல்களால் அளவு காட்டினாள். குணசுந்தரி பாட்டிலை மேடையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் தெருவில், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், ஒயின் ஷாப் திறந்தார்கள். மகளிர் குழுப் பெண்கள் ஒன்பது நாள் கடை வாசலில் உட்கார்ந்தார்கள். குழுத் தலைவி லட்சுமியம்மாளுக்குப் பக்கத்தில், ஒன்பது நாளும் இடம் மாறாமல் உட்கார்ந்தவள் குணசுந்தரி. கடையை ஹைவேஸ் பக்கம் கொண்டுபோன பிறகுதான் எழுந்தார்கள். மில்லின் நிர்வாக அதிகாரி ராஜமாணிக்கம் அப்போதே அவளைக் கூப்பிட்டு, கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவள் தெருவில் கோஷம் போடக்கூடாது என்று எச்சரித்திருந்தார்.

மோரீன் விடவில்லை. கிறிஸ்துமஸுக்குத் தன் அம்மா வீட்டில் செய்கிற இனிப்பு இது என்றாள். குணசுந்தரி யோசித்துப் பார்த்தாள். தான் வாயில் வைக்காத எத்தனையோ பதார்த்தங்களை வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாள். அவர்கள் ஊர்ப் பலகாரம் அவர்களுக்கு. சரி என்று அடுப்பைப் பற்றவைத்தாள்.

இவ்வளவு சுலபமான பலகாரத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. பாகு பதம் கிடையாது, கிண்டிக் கிண்டித் தோள் வலிக்க வேண்டியதில்லை. பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்க, அதன்மேல் இன்னொரு பாத்திரத்தை வைத்து, உடைத்த சாக்லேட்டையும் ஒரு டின் கெட்டிப் பாலையும் ஒரு கட்டி வெண்ணெயையும் போட்டு உருக்கினார்கள். பளபளவென்று ஒன்று சேர்ந்ததும் இறக்கிவைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு அந்தப் பாலாடைச் சரக்கில் அரை டம்ளர் ஊற்றி வேகமாகக் கலக்கினார்கள். அடுப்பிலேயே ஊற்றினால் திரிந்துபோகும் என்று மோரீன் முகத்தைச் சுளித்துக் காட்டினாள். பட்டர் பேப்பர் விரித்த தட்டில் கொட்டி, ஃப்ரிட்ஜில் வைத்து, நாலு மணி நேரம் கழித்து வெந்நீரில் நனைத்த கத்தியால் துண்டு போட்டார்கள். மோரீன் ஒரு துண்டைத் தின்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். குணசுந்தரி தொடவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் ஹெட் ஆபீஸிலிருந்து ஆறு பேர் வருவதாக இருந்தது. அதே நாட்களில் மோரீனும் அவள் கணவரும் நாலு நாள் ஊட்டிக்குக் கிளம்பினார்கள். போகும்போது மோரீன், வருகிறவர்களுக்கு அந்த இனிப்பில் இரண்டு தட்டு போடு என்று பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

குணசுந்தரி போட்டாள். இரண்டாவது தட்டுக்கு ஊற்றும்போது பாட்டில் கை நழுவி, புடவை முந்தானையில் தெறித்தது. அலசிவிட்டு வேலையைப் பார்த்தாள். மதியம் பரிமாறும்போது ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் வைத்தாள். பழவேற்காட்டுக்காரரான டிரைவர் ஷேக் தாவூத் ஒரு துண்டை எடுக்கக் கை நீட்டியபோது தட்டையே பின்னுக்கு இழுத்தாள்.

"பாய், அத்த தொடாத. அதுல சரக்கு கீது. ஒனக்கு கேசரி எட்த்து வெச்சிகிறேன்."

ராஜமாணிக்கத்திடமும் சொன்னாள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று அவர் ஒன்பது துண்டு தின்றார். வந்தவர்கள் ஆளுக்கு இரண்டோ மூன்றோதான் தின்றார்கள்.

சாயங்காலம் விருந்தினர்கள் கிளம்பிய பிறகு ராஜமாணிக்கம் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்தார். பாட்டில் பாதிக்கும் கீழே இருந்தது. ஐந்தரை மணி, ஷிஃப்ட் விடுகிற நேரம். குணசுந்தரி கேட்டைத் தாண்டப் போகும்போது அவர் பின்னாலேயே வந்து நிறுத்தினார். முன்னூறு பேர் சைக்கிளும் டிபன் பையுமாக வரிசையில் நின்றிருந்தார்கள்.

"என்னம்மா, உன் மேல வாசனை வருது?"

"ஸ்வீட்டுல ஊத்தசொல்ல தெறிச்சிச்சி சார்."

"ரெண்டு தட்டு ஸ்வீட்டுக்குப் பாதி பாட்டிலா?"

"மூணு தட்டு சார். மொதல்ல மேடம் ஒண்ணு போட்டாங்க. அவங்க காபிலயும் ஊத்திக்குவாங்க."

"ஊர்ல கடையை மூடுன்னு கோஷம். இங்க வந்து ஓசிச் சரக்கு." அவர் செக்யூரிட்டி சின்னதுரை பக்கம் திரும்பினார். "பையைப் பாரு. ஊதச் சொல்லு."

சின்னதுரை அவள் தெருக்காரன். "சார், அக்கா அந்த மாதிரி ஆளு இல்ல சார்" என்றான்.

"உன்கிட்ட சர்ட்டிபிகேட் கேட்டேனா? ஊதச் சொல்லு."

சின்னதுரை அவள் பையைத் திறந்தான். டிபன் டப்பா, சீப்பு, மாற்று ஜாக்கெட், மடித்துவைத்த துணி. எல்லாவற்றையும் மேஜைமேல் எடுத்து வைத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "ஊதுக்கா" என்றான்.

குணசுந்தரி அவன் முகத்துக்கு நேராக ஊதினாள்.

"ஒண்ணும் இல்ல சார்."

"துணியில அடிக்குதே. மேடம் வரட்டும், பேசிக்கலாம். கிச்சன் சாவியைக் குடுத்துட்டுப் போ."

ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் அவள் யோசிக்க ஆரம்பித்தாள். அவர் கேட்டது ஒருபக்கம் இருக்கட்டும், தான் ஏன் ஊதினோம்? பையைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாயைக் குவித்து ஊதியிருக்கிறாள். அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன் வாயையே பிடிக்கவில்லை.

அவள் தெருவுக்கு வருமுன்பே சேதி வந்திருந்தது. லட்சுமியம்மாள் குழாயடியிலேயே மறித்தாள்.

"இன்னாடி குணா, கம்பெனில குட்ச்சிட்டு மாட்டிக்கினியாமே?"

"நீ நம்புறியாக்கா?"

"நா நம்பல. ஆனா அத்த ஊத்திப் பலகாரம் செஞ்சது நெசந்தான? ஒம்போது நாளு குந்திகினு இருந்தோமே, அதுக்கு இன்னா அர்த்தம்?"

"அவங்க ஊர் பலகாரம்க்கா. துன்றவங்களாண்ட எல்லாம் சொல்லித்தான் குட்த்தேன். நா ஒரு துண்டு வாயில வெக்கல. வெச்சிருந்தாக்கூட, அத்தினி பேரு எதுர்ல ஒரு பொம்பளய ஊத சொல்லுவானா?"

லட்சுமியம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். வீட்டில் குணசுந்தரியின் கணவன் ரகு, "உட்டுட்டு வேலயப் பாரு. சத்தம் போட்டா சீட்டக் கிழிச்சிடுவானுங்க" என்றான். "உன்ன ஊத சொல்லிருந்தா உட்டுருப்பியா?" என்று கேட்டாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். யார் மேல் கோபப்படுவது என்று அவள் எண்ணிப் பார்த்தாள். ஆள் கூடிக்கொண்டே போனது.

அடுத்த இரண்டு நாளும் அவள் வேலைக்குப் போனாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, பூட்டிய சமையலறைக்கு வெளியே ஒரு ஸ்டூலில் நேராக உட்கார்ந்திருந்தாள். ராஜமாணிக்கம் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் காலை மோரீனும் அவள் கணவரும் திரும்பினார்கள். ரயில்நிலையத்திலிருந்து அழைத்துவந்த ஷேக் தாவூத், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். மோரீன் காரிலிருந்து இறங்கி ஓடிவந்து குணசுந்தரியைக் கட்டிக்கொண்டாள். குணசுந்தரி அந்தக் கையை மெதுவாக விலக்கினாள்.

"மேடம், சாக்லேட் கீதா?"

மதியம் பன்னிரண்டு மணிக்கு டைனிங் ஹாலில் பெரிய மேஜைமேல் அடுப்பு ஏறியது. மோரீன் வாங்கிக்கொடுத்த சாவியால் சமையலறையைத் திறந்து, ஷேக் தாவூத் சிலிண்டரைத் தூக்கிவந்தார். மோரீன் தன் கணவரை அழைத்துவந்தாள். அவர் ராஜமாணிக்கத்தை அழைத்துவரச் சொன்னார். குணசுந்தரி தானே கேட்டுக்குப் போய்ச் சின்னதுரையைக் கூட்டிவந்தாள்.

பாட்டிலில் சரக்கு நின்ற மட்டத்துக்கு நேராக ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டினாள். வெந்நீர் வைத்தாள். சாக்லேட், டின் பால், வெண்ணெய். கரண்டி பாத்திரத்தில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது. இறக்கிவைத்து, அரை டம்ளர் அளந்து ஊற்றிக் கலக்கிவிட்டு, பாட்டிலை ராஜமாணிக்கத்தின் முன்னால் வைத்தாள். மட்டம் பிளாஸ்திரிக்கு இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.

"ஒரு தட்டுக்கு ரெண்டு வெரலு. மூணு தட்டுக்கு ஆறு. மேடம் காபிக்கு எவ்ளோன்னு அவங்களயே கேளுங்க சார்."

மோரீன் மூன்று விரலைக் காட்டினாள். பிறகு யோசித்து நாலாவதையும் நீட்டினாள்.

"சரிம்மா, புரியுது. விடு" என்றார் ராஜமாணிக்கம்.

குணசுந்தரி ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

"எனக்கு வேணாம்மா. டியூட்டியில இருக்கேன்."

"அன்னிக்கும் டூட்டிலதான் சார் இருந்தீங்க. சரக்கு கீதுன்னு சொன்னேன். ஒண்ணும் ஆவாதுன்னு ஒம்போது துண்டு துன்னீங்க. நா ஒண்ணு துன்னல. உங்கள யாரு சார் ஊத சொன்னாங்க?"

ஷேக் தாவூத் தொண்டையைச் செருமினார். "என்னாண்ட சரக்கு கீதுன்னு சொல்லி தட்டயே புட்ச்சி இழுத்துக்கிச்சி சார். ஒளிச்சிகினு குடிக்கிறது அப்புடியா சொல்லும்?"

ராஜமாணிக்கத்தின் முகம் கறுத்தது. "சாரிம்மா. ஏதோ அன்னிக்கு டென்ஷன்" என்றார்.

"இங்க வேணாம் சார். கேட்டுல. அஞ்சரைக்கு."

"அதெல்லாம் நடக்காது."

மோரீனின் கணவர் தாழ்ந்த குரலில் அவரிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். நாலைந்து வாக்கியம்தான். குணசுந்தரிக்குப் புரியவில்லை. ஆனால் ஐந்தரைக்கு ராஜமாணிக்கம் கேட்டுக்கு வந்தார். வரிசை நின்றிருந்தது. அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார்.

"கேக்கல சார்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் நகரவில்லை. இரண்டாம் முறை, "நான் சொன்னது தப்பு. இந்தம்மா குடிக்கலை" என்று உரக்கச் சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனார்.

கோபம் அதோடு இறங்கிவிடும் என்று குணசுந்தரி நினைத்திருந்தாள். இறங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது பேக்கிங் பிரிவில் வேலைபார்க்கும் பிரின்சி என்ற பெண் ஓடிவந்து கூட நடந்தாள்.

"யக்கா, எங்க பையெல்லாம் தெனமும் இவனுங்கதான் தொழாவுறானுங்க. மாசத்துல அந்த நாளுக்கு வெச்சிகிற துணியக்கூட எட்த்து மேஜமேல போடுறானுங்க. யாராண்ட போய் சொல்றது?"

குணசுந்தரி நின்றுவிட்டாள். தன் பையிலிருந்தும் அன்று அந்தத் துணி மேஜைக்கு வந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊதியதையே நினைத்துக்கொண்டு அதை விட்டுவிட்டிருந்தாள். பதினோரு வருஷமாக எத்தனை முறை வந்திருக்கும்.

நேராக லட்சுமியம்மாள் வீட்டுக்குப் போனாள். லட்சுமியம்மாள் முழுதையும் கேட்டாள். "சரக்கு ஊத்தி பலகாரம் செஞ்சத நா இன்னும் ஒத்துக்கல" என்றாள். பிறகு, "எத்தினி பொம்பளைங்க கீறீங்க உள்ள?" என்று கேட்டாள்.

முப்பத்தொரு பேர். முப்பத்தொரு பேரும் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். பெண்களைப் பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் மறைவாக. ராஜமாணிக்கம் மனுவை வாங்கவில்லை. ஜனவரியில் இரண்டு நாள் காலை ஷிஃப்டுக்கு அவர்கள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். லட்சுமியம்மாளும் தெருப் பெண்களோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்னதுரை உள்ளேயிருந்து குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். பொங்கல் கழிந்த வாரம் கேட்டுக்குப் பக்கத்தில் பிளைவுட் தடுப்பு வைத்து ஒரு சின்ன அறை எழுந்தது. பொன்னேரியிலிருந்து ஒரு பெண் காவலர் வேலைக்கு வந்தாள்.

மோரீனும் அவள் கணவரும் அந்த மாதமே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் போன பத்தாம் நாள், கெஸ்ட் ஹவுஸ் சமையலை வெளி ஆட்களிடம் விடுவதாகச் சொல்லி, குணசுந்தரியைத் தொழிலாளர் கேன்டீனுக்கு மாற்றினார்கள். முன்னூறு பேருக்குச் சோறு வடிக்கிற வேலை. வேண்டுமானால் வேலையை விட்டு நின்றுகொள்ளலாம் என்று ராஜமாணிக்கம் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அவள் நிற்கவில்லை. மறுநாள் ஆறு மணிக்கே போய்ப் பெரிய அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் அதிகாரிகளும் கேன்டீனில் சாப்பிட வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. ராஜமாணிக்கமும் வருவார். அவருக்கும் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அப்பளம் வைப்பாள். மற்ற எல்லோரிடமும் போதுமா என்று கேட்பாள். அவரிடம் மட்டும் கேட்பதில்லை.